நடு ஸி-க்கு ஒரு மரக்குழல்: பைப் ஆர்கனின் மூடிய குழலைச் செய்யும் முறை

பைப் ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு குரலுக்கும் (ஒலிநிறத்துக்கும்) தனித்தனிக் குழல் உண்டு. அவற்றில் சாதாரணத் தச்சுப் பட்டறையிலேயே செய்யக்கூடியது 'கெடாக்ட்'. ஜெர்மன் மொழியில் இதற்கு 'மூடியது' என்று பொருள். மேல்முனை அடைபட்டிருப்பதால், திறந்த குழலின் பாதி நீளத்திலேயே அதே சுருதி கிடைத்துவிடும்.

நடு ஸி, அதாவது விசைப்பலகையின் நடுவிலுள்ள ஸி சுரம், 261.6 ஹெர்ட்ஸ். 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால் 328 மி.மீ. வரும். கணக்கு சரிதான், ஆனால் குழலின் வாயருகே (கீழே முன்பக்கத்தில் உள்ள திறப்பருகே) அதிரும் காற்று சற்று வெளியேயும் நீள்வதால் அடைப்பான் இதைவிட 50, 60 மி.மீ. கீழேதான் நிற்கும். எனவே பெட்டியைத் தாராளமாக வெட்டி, அடைப்பானை நகர்த்திச் சுருதி சேர்க்க வேண்டும்.

முடிச்சில்லாத, நன்கு உலர்ந்த பைன் பலகை, 6 மி.மீ. கனம். உள்ளளவு அகலம் 36, ஆழம் 46. பக்கப் பலகை இரண்டு 46×430, பின்பலகை 48×430, முன்பலகை 48×350. முன்பலகையின் கீழ்முனையை வெளிப்பக்கமாகச் சரிவாக இழைத்து 1 மி.மீ. விளிம்பாக்குங்கள். இதுதான் மேலுதடு.

36×46 அளவில் 70 மி.மீ. உயர அடிக்கட்டை ஒன்று வேண்டும். அதன் முன்பக்கத்தைக் குடைந்து, மேலே 8 மி.மீ. பட்டையை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பட்டையின் முகத்தை 0.6 மி.மீ. அரத்தால் தேய்த்துத் தாழ்த்துங்கள். முன்னால் 48×70 தட்டை மூடியைத் திருகினால் நடுவில் மெல்லிய பிளவு கிடைக்கும். கட்டையின் அடியிலிருந்து குடைவுக்கு 12 மி.மீ. துளையிட்டுக் காற்றுக் காலை, அதாவது காற்று நுழையும் சிறு குழாயை, செருகுங்கள். மூடியை ஒட்டிவிடாதீர்கள், பலமுறை கழற்ற வேண்டிவரும். அடைப்பான் 40 மி.மீ. உயர மரக்கட்டை, சுற்றிலும் மென்தோல்.

ஒட்டிய பெட்டியில் குழலின் வாயைக் கையால் பொத்திக் காலில் ஊதுங்கள். காற்று எங்கேயும் கசியக் கூடாது. மூடிய குழல் பேசாமல் போவதற்குப் பெரும்பாலும் அடைப்பானின் கசிவே காரணம். உதட்டில் பழி போட்டு வெட்டத் தொடங்கினால் நல்ல குழல் வீணாகும்.

குரல் கொடுப்பதுதான் உண்மையான வேலை. புல்லாங்குழலில் வாசிப்பவரின் உதடு செய்வதை இங்கே பிளவும் மேலுதடும் செய்கின்றன. காற்றழுத்தம் 70 மி.மீ. நீர்மட்டம் போதும், ஒளிபுகும் குழாயை 'ப' வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றினால், இரு பக்க மட்டங்களின் வித்தியாசமே அளவு. வாயின் உயரம் இப்போது 10 மி.மீ. குழல் கீச்சிட்டு மேலே தாவினால் உயரம் போதவில்லை, அல்லது அழுத்தம் அதிகம். அழுத்தத்தை முதலில் பாருங்கள், பிறகு உதட்டை அரை மி.மீட்டராக உயர்த்துங்கள். 12, 13-இல் குரல் உருண்டு வரும். அதற்கும் மேலே போனால் மூச்சிரைப்பு கேட்கும். வெட்டியதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. பேசத் தாமதித்தால் மூடியை அரை மி.மீ. மேலோ கீழோ நகர்த்திக் கேளுங்கள். தொடக்கத்தில் 'த்ச்' என்று துப்பினால் கட்டையின் விளிம்பில் மெல்லிய கீறல்கள் போடலாம். ஆழமாகப் போட்டால் குரல் மந்தமாகிவிடும்.

இந்தக் குழலில் பெரும்பாலும் 1, 3, 5 எனும் ஒற்றைப்படை மேற்சுரங்களே எழும். அந்த உள்ளடங்கிய நிறம் அதனால்தான். அடைப்பானில் சிறு குழாய் வைத்தால் கொஞ்சம் வெளிச்சம் கூடும். ஒல்லியான திறந்த உலோகக் குழல் வயலினைப் போலக் கூர்மையாக ஒலிக்கும். எக்காளம் போல முழங்குபவை வேறு சாதி: அங்கே பித்தளை நாக்கு அதிர்கிறது, குழல் அதற்கு ஒத்துழைக்கிறது.

சுருதி சேர்க்கும்போது குழலைக் கையில் நெடுநேரம் பிடிக்காதீர்கள், உடற்சூடே சுருதியை ஏற்றிவிடும். 20 டிகிரி 30 ஆனால் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறும். நாக்குக் குழல்கள் இந்த அளவுக்கு நகர்வதில்லை. ஆகவே கூடம் சூடாகிச் சுருதி பிரிந்தால், பிசகியவை மற்றக் குழல்களே என்றாலும், எண்ணிக்கையில் குறைந்த நாக்குக் குழல்களைத்தான் திருத்துவார்கள்.