ஒரே மௌத் ஆர்கனில் இன்னொரு சுருதி

பாட்டு 5 கட்டையில், அதாவது ஜி-யில் போகிறது, கையில் இருப்பது சி மௌத் ஆர்கன் என்றால் புதிதாக ஒன்று வாங்க வேண்டாம், அதிலேயே 2-ஆம் துளையை உறிஞ்சினால் வரும் சுரத்தை ஸ-வாக வைத்து வாசியுங்கள். பாட்டின் சுருதிக்கு சுத்த மத்யமம் (ம1) எதுவோ, அந்த மௌத் ஆர்கன் போதும்; ஜி-க்கு அது சி.

10 துளை டயட்டானிக்கில், அதாவது ஒரே ஸ்கேலின் சுரங்கள் மட்டும் உள்ள சாதாரண வகையில், முதல் 4 துளைகளை உறிஞ்சினால் ஜி கார்டு (ஜி, பி, டி சேர்ந்த ஒலி) அப்படியே கிடைக்கிறது, அதனால்தான் இது நடக்கிறது. ஊதி வாசிக்கும்போது சங்கராபரணமாக இருப்பது ப-விலிருந்து தொடங்கினால் ஹரிகாம்போதி, ஸ-வை வேறு சுரத்துக்கு மாற்றி இன்னொரு ராகம் பெறும் நம் கிரகபேதக் கணக்குதான். ஆனால் கீழ்ப் பகுதியில் ரி-யும் நி-யும் சுரத்தை வளைத்தால்தான், அதாவது உறிஞ்சும்போது வாயின் வடிவை மாற்றிச் சுரத்தை இறக்கினால்தான் வரும். அது கைவரும் வரை 6-ஆம் துளையை ஊதி அங்கிருந்து மேலே போங்கள், எல்லாச் சுரமும் இருக்கும். டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கிட்டாரோடு சேர்ந்து வாசிக்கிறவர்கள் சி, டி, ஜி, ஏ நான்கையும் வைத்துக்கொண்டால் ஈ-யில் வரும் பாட்டுக்கும் ஏ-வே போதும், அப்புறம் ராண்ட் செலவழிக்கத் தேவையே இருக்காது.

பாட்டில் காகலி நிஷாதம் (ஹரிகாம்போதியில் இல்லாத மேல் நி) அழுத்தமாக வந்தால் இது சரிப்படாது, ஜி-யையே எடுங்கள். ஒரு சுரத்துக்கு இரண்டு நாக்கு வைத்த ட்ரெமோலோ வகையில் துளை அமைப்பே வேறு, பொத்தானை அழுத்தி அரைச்சுரங்களும் வாசிக்கும் குரோமாட்டிக்குக்கு இது தேவையே இல்லை.