மனநலத்துக்காக எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். பக்கத்து அரசு மருத்துவமனையில் அவன் மாத்திரை அடிக்கடி இருப்பு இல்லாமல் போகும். கோபத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு கொடுத்தோம். "மனநோயாளிகளுக்கு நல்ல சட்டம் கொண்டு வாருங்கள்" என்று எழுதியிருந்தோம். வாங்கிப் படித்த உதவியாளர், "சட்டம்தான் இருக்கிறதே அம்மா" என்றார். அதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

அவர் சொன்னது சரிதான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள், சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்த நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அதன் 18ஆம் பிரிவு சொல்கிறது. நாங்கள் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்: எந்த மருத்துவமனை, எந்த மருந்து, எத்தனை வாரமாக இல்லை, எந்தப் பிரிவின்படி அது எங்கள் உரிமை. "விழிப்புணர்வு வேண்டும்" என்று எழுதினால் ஒரு சுவரொட்டியோடு முடித்துவிடுவார்கள். மருந்தின் பெயரைப் போட்டால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பழைய தகவலோடு போவதும் தவறு. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்கச் சொல்லி இன்னமும் சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படியொரு பிரிவே கிடையாது. ஆனால் அரசு ஊழியரைப் பணிய வைக்கவோ அவர் கடமையைத் தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது இந்தப் புதிய சட்டத்தின் 226ஆம் பிரிவின்படி இன்றும் குற்றம். பேசுவதென்றால் அதைப் பற்றிப் பேசுங்கள்.

அடுத்தது, யாரிடம் எதைக் கேட்பது என்பது. மனநலம் பொதுப்பட்டியலில் வருகிறது, அதாவது மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றலாம். ஊர் மருத்துவமனை, மருந்து, மருத்துவர் பணியிடம் எல்லாம் எம்.எல்.ஏ.விடம். எம்.பி.யிடம் கேட்க அருமையான கேள்வி ஒன்று உண்டு. மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநல நிபுணர்களை எட்ட, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு பத்தாண்டு இலக்கு வைத்திருக்கிறது. 2028 மே மாதத்தோடு அந்தப் பத்தாண்டு முடிகிறது. எங்கே நிற்கிறோம் என்று நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். மனநோயும் மனவளர்ச்சிக் குறைபாடும் ஒன்றல்ல. இரண்டையும் கலந்து எழுதினால் மனு வேறு துறைக்குப் போய்விடலாம்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. காரியம் நடக்கட்டும் என்று சிலர் பயத்தைக் கிளப்பி எழுதுகிறார்கள்: "இவர்கள் தெருவில் திரிகிறார்கள், ஏதாவது செய்துவிடுவார்கள், அடைத்து வையுங்கள்." பயத்தைக் காட்டிக் கேட்டால் கிடைப்பது பூட்டுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இன்றைய சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அந்த 28 பேரும் யாரோ ஒருவருக்குத் தம்பி, யாரோ ஒருவருக்கு மகள். அவர்களை மறந்துவிட்டு ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

இன்னொருவர் கதையை அவரைக் கேட்காமல் எழுதவும் கூடாது. மனு பல மேசைகளைத் தாண்டிப் போகும். நான் இப்போது தம்பியிடம் படித்துக் காட்டி, அவன் சரி என்ற பிறகே கொடுக்கிறேன். ஒருமுறை இரண்டு வரிகளை அடிக்கச் சொன்னான், அடித்துவிட்டேன்.

அப்புறம், கொடுத்ததோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை (அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டு விவாதம்) வருவதற்குச் சில வாரம் முன்பே, அந்த நகலோடு மறுபடியும் போய் நில்லுங்கள்.