கோலாலம்பூர் – பினாங்கு: வான்தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நீங்களே கணக்கிடும் முறை

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் புறப்படும் கோலாலம்பூர்க் குடும்பத்தில் பினாங்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஒருவர் 280 கிலோமீட்டர் என்பார், இன்னொருவர் 325 என்பார், காரில் போய் வந்தவர் 350-க்கு மேல் என்று சாதிப்பார். மூவர் சொல்வதும் சரிதான். எங்கிருந்து, எந்த வழியாக அளந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

முதல் படியாக, ஊரின் பெயரை விட்டுவிட்டு விமான நிலையங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பினாங்கில் இறங்குமிடம் பாயான் லெப்பாஸ் ஒன்றுதான். கோலாலம்பூர்வாசிகளுக்கோ சிப்பாங்கில் உள்ள கே.எல்.ஐ.ஏ. (கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம்), சுபாங் என ஏறுமிடங்கள் இரண்டு. பினாங்கு வடமேற்கில் இருக்க, கே.எல்.ஐ.ஏ. நகருக்குத் தெற்கே இருப்பதால், நகரின் முதன்மை ரயில் நிலையமான சென்ட்ரலிலிருந்து 57 கிலோமீட்டர் எதிர்த்திசையில் போய்த்தான் விமானம் ஏறுகிறோம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

இரண்டாவதாக, கணினியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து, ஓடுபாதையின் மீது வலது சொடுக்குச் செய்யுங்கள். முதலில் வரும் எண் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. கே.எல்.ஐ.ஏ.வுக்கு ஏறத்தாழ 2.75, 101.71 என்றும், பாயான் லெப்பாஸுக்கு 5.30, 100.28 என்றும் கிடைக்கும்.

இனிக் கணக்கு. அட்சரேகை வேறுபாடு 2.55, தீர்க்கரேகை வேறுபாடு 1.43. ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்பதால், இவற்றை 111-ஆல் பெருக்கினால் 283, 159 என வரும். பிதாகரஸ் தேற்றப்படி இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் விடை 325 கிலோமீட்டர். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்வதால்தான் இந்தக் குறுக்குவழி பலிக்கிறது. லண்டன் அருகே தீர்க்கரேகையின் ஒரு பாகை 69 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். சுபாங்கிலிருந்து இதே முறையில் அளந்தால் 279 கிலோமீட்டர்தான்.

அடுத்து நேரம். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் என்று எண்ணி 325-ஐ வகுத்தால் 24 நிமிடம் வரும். ஆனால் அப்படி யாரும் போய்ச் சேர்வதில்லை. 10,000 அடிக்குக் கீழே வேகம் பொதுவாக 250 ‘நாட்’ (knot) அளவுக்குள், அதாவது மணிக்கு 460 கிலோமீட்டர் அளவில், கட்டுப்படுத்தப்படுகிறது. இவ்வளவு குறுகிய பயணத்தில் உயரத்தை எட்டிய சற்று நேரத்திலேயே இறக்கமும் தொடங்கிவிடுகிறது. ஆகவே 15 முதல் 20 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். பயணச்சீட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்றிருப்பதற்குக் காரணம், விமானம் தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் அதில் அடங்குவதுதான். சுபாங்கிலிருந்து ஏடிஆர் 72 போன்ற சுழல்விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும், தூரம் குறைவென்பதால் பெரிதாகப் பின்தங்குவதில்லை.

(இதே முறையில் கொழும்புக்குக் கணக்கிடுவோர், சீட்டிலுள்ள புறப்பாட்டு நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும், இலங்கைக் கடிகாரம் நமக்கு அவ்வளவு பின்னால் ஓடுகிறது.)

கடைசியாக, வீட்டுவாசல் கணக்கைப் போடுங்கள். சென்ட்ரலிலிருந்து விரைவு ரயில் 28 நிமிடம், நிலையத்தில் காத்திருப்பு ஒன்றரை மணி நேரம், பயணம் ஒரு மணி நேரம், பெட்டி எடுத்துக்கொண்டு ஜார்ஜ்டவுனுக்கு 16 கிலோமீட்டர் என்று கூட்டினால் நான்கு மணி நேரத்தை நெருங்கிவிடும். இடிஎஸ் எனும் மின்சார ரயிலும் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில், தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் இறக்கிவிடுகிறது. ஆகவே, தீவுக்குள் போகாமல் பட்டர்வொர்த் அல்லது பிறையில் உறவினர் வீட்டுக்குச் செல்பவர் விமானச்சீட்டைத் தேடவே தேவையில்லை என்பது என் கருத்து.