பேட்டரி வீல்சேர் வாங்கும் முன், வாங்கிய பின்: செங்கோட்டையிலிருந்து

பேட்டரி வீல்சேர் வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் எந்தக் கம்பெனி, என்ன விலை என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். முதலில் உங்கள் வீட்டு வாசலை அளந்துகொண்டு வாருங்கள் என்பேன். தண்டுவடம் அடிபட்டு, விரல்களில் பிடிமானம் போய், ஏழு வருஷமாகக் கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையில் இந்தச் சேரில்தான் என் நாள் ஓடுகிறது. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் தெருவை ஒட்டி வாறுகால் (சாக்கடை), அதன்மேல் ஒரு கல், அப்புறம் இரண்டு படி, திண்ணை, நிலைப்படி என்று வரிசையாக இருக்கும். இதில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டாலும் சேர் ஹாலிலேயே நின்றுவிடும், நீங்களும்தான்.

சேரின் அகலம் பெரும்பாலும் 60 முதல் 65 செ.மீ. வரும். இரண்டரை அடி நிலை என்றால் 75 செ.மீ., நேராக வந்தால் நுழையலாம், வளைந்து வந்தால் முழங்கை இடிக்கும். குளியலறைக் கதவுதான் பெரிய சிக்கல், எங்கள் வீட்டில் அது இரண்டே அடி. கொத்தனாரை வைத்து மூன்றடியாக்கும் வரை ஒரு வருஷம் கமோடு சேருக்கு மாறி மாறித்தான் போனேன், அந்த வேலையை முதல் மாதமே செய்திருக்க வேண்டும். சேர் முழுச் சுற்றுத் திரும்ப ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி இடம் வேண்டும். சாக்பீஸால் தரையில் ஐந்தடி வட்டம் போட்டுப் பாருங்கள், பீரோவை நகர்த்துவதா கட்டிலை நகர்த்துவதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

சாய்வுதளத்துக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி. கொத்தனார் கட்டாயம், "அவ்ளோ நீளம் எதுக்கு அண்ணாச்சி, பைக் ஏத்துற மாதிரி போட்டுட்டா போதும்லா" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சரிவில் சேர் பின்பக்கமாகச் சாயும், பின்னால் சின்னச் சக்கரம் வைத்திருந்தாலும் நம்பிப் போக முடியாது. இரண்டு ஓரமும் மூன்று அங்குலக் கட்டை எழுப்பச் சொல்லுங்கள், சக்கரம் நழுவி இறங்காது. டைல்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், ஆனி, ஆடிச் சாரலில் எங்கள் பக்கம் பாசி பிடிக்காத இடமே கிடையாது. சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் டயருக்கு நல்ல பிடி கிடைக்கும். நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் மரத்தில் ஆப்பு மாதிரிச் சீவி வைத்தால் போதும், ஆனால் எந்த மேட்டையும் நேராகத்தான் ஏற வேண்டும், குறுக்கே ஏறினால் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

சேரை உட்கார்ந்து ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். நான் முதல் சேரைப் படத்தைப் பார்த்து ஒரு கடையில் வரவழைத்தேன், இருக்கை இரண்டு அங்குலம் அகலம் கூடுதல், ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்து இடுப்பில் புண் வந்துவிட்டது. தென்காசிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது, 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அங்கே மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. வாங்குவதற்கு முன் இப்படி ஓர் இடத்தில் தெரபிஸ்ட் ஒருவரிடம் உட்காரும் முறையைக் காட்டிவிடுங்கள். இருக்கை அகலம், கால் பலகை உயரம், ஜாய்ஸ்டிக் எந்தக் கைக்கு, இந்த மூன்றையும் அவர் சொல்லட்டும், கடைக்காரர் சொல்ல வேண்டாம். என்னைப் போல் பிடிமானம் இல்லாதவர்கள் ஜாய்ஸ்டிக் குமிழுக்குப் பதில் ஸ்பாஞ்சுப் பந்தில் ஓட்டை போட்டுச் செருகிக்கொள்ளலாம், உள்ளங்கையாலேயே தள்ளிவிடலாம். கையே அசையாதவர்களுக்கு முகவாயால் தள்ளுவதும், குழாயில் ஊதி உறிஞ்சி ஓட்டுவதும்கூட உண்டு.

சாதாரணமாக 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள், லித்தியம் என்றால் ஒரே பெட்டியாகவும் வரும். ஈய பேட்டரி கனம், விலை குறைவு. லித்தியம் இலேசு, விலை கூடுதல், ஆனால் நாள்பட உழைக்கும். ஈய பேட்டரியாக இருந்தால் அன்றைக்கு ஒரு கிலோமீட்டர்தான் ஓடியது என்றாலும் ராத்திரி சார்ஜ் போட்டுவிடுங்கள், அடிமட்டம் வரை தீர்த்துத் தீர்த்து ஓட்டினால் சீக்கிரம் செத்துப்போகும். ஒன்றின் சார்ஜரை இன்னொன்றுக்குக் கண்டிப்பாகப் போடக் கூடாது. அட்டையில் 20 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும், என் சேர் புளியரைப் பக்கம் மேடேறிப் போனால் 12-லேயே சிவப்பு விளக்கைக் காட்டிவிடும், அதனால் பாதி தீர்வதற்கு முன்னாலேயே வீட்டுப்பக்கம் திரும்பிவிடுங்கள். 24 வோல்ட், 5 ஆம்பியர் சார்ஜர் ஏறத்தாழ ஒரு 150 வாட்தான் இழுக்கும், வீட்டு இன்வர்ட்டர் தாங்கும். மழைக்காலத்தில் கரண்ட் போகிற ஊர்களில் இதை முன்பே எலக்ட்ரீஷியனிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாரல் சேருக்கு எதிரி. ஜாய்ஸ்டிக்குக்குள் தண்ணீர் இறங்கினால் சேர் நின்றுவிடும், சில நேரம் தானாக இழுக்கவும் செய்யும். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள், சார்ஜ் விளக்கு வெளியே தெரிய வேண்டும் என்பதால்தான் அந்தப் பை. நனைந்துவிட்டால் உடனே சார்ஜ் போடாதீர்கள், துடைத்து, மின்விசிறிக்கு அடியில் நன்றாகக் காய விட்டு, மறுநாள் போடலாம். சேற்றில் முன்னால் உள்ள சின்னச் சக்கரம் புதைந்தால் இன்னும் இன்னும் முன்னால் தள்ளாமல் மெதுவாகப் பின்னால் எடுங்கள், பெரிய சக்கரம் இழுத்துவிடும்.

மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும், அதைத் தள்ளினால் மோட்டார் விடுபட்டு, கையால் உருட்டலாம். வீட்டில் உள்ள எல்லோருக்கும் அதைக் காட்டிவையுங்கள். ஆனால் மோட்டார் விடுபட்ட நிலையில் பிரேக் கிடையாது, சரிவில் ஒருபோதும் தொடக் கூடாது. என் மைனி ஒருமுறை சாய்வுதளத்தில் வைத்து நல்ல எண்ணத்தோடுதான் தள்ளிவிட்டார், நான் வாறுகால் கல்லில் போய் இடித்துத்தான் நின்றேன்.

சேர் வசதியாக இருக்கிறது என்று அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வருவது தெரியாது, தெரியும்போது மாதக்கணக்கில் கட்டில்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை போனில் மணி அடிக்க வைத்து, ஒரு பக்கமாகவோ முன்னாலோ சாய்ந்து ஒன்றிரண்டு நிமிடம் இருங்கள், நல்ல மெத்தை போடுங்கள், ராத்திரி யாரையாவது முதுகுக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த இடம் அமுக்கினாலும் வெளுக்கவில்லை என்றால் அதன்மேல் உட்காராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

போனைக் கைப்பிடியில் ஒரு ஸ்டாண்டு வைத்து மாட்டுங்கள். ஜிபோர்டு என்ற கூகுள் கீபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கைத் தொட்டுப் பேசினால் எழுதிவிடும், மளிகைக் கடைக்கு நான் லிஸ்ட் அனுப்புவதே அப்படித்தான். உள்ளங்கையைச் சுற்றி வெல்க்ரோ பட்டை போட்டு ஸ்டைலஸ் செருகினால் விரல் வேலையை அது பார்த்துக்கொள்ளும். கை அறவே முடியாதவர்கள் ஆண்ட்ராய்டில் ஸ்விட்ச் அக்சஸ் என்ற வசதியைப் பாருங்கள், புன்னகை, புருவம் தூக்குவது போன்ற முக அசைவாலேயே போனை இயக்கலாம்.

அரசிடம் கேட்பதென்றால் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். எல்லையில் இருக்கும் நமக்கு ஒரு குழப்பம் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஊனச் சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும், கேரளப் பக்கம் புனலூரில் வாங்கியிருந்தாலும் செங்கோட்டையில் வாங்கியிருந்தாலும் ஒன்றுதான். ஆனால் சேர் கொடுக்கும் திட்டங்கள் அந்தந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான், அதனால் ரேஷன் கார்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கேளுங்கள்.

புனலூருக்கு ரயிலில் போகும்போது மாற்றுத்திறனாளிகள் பெட்டி பெரும்பாலும் வண்டியின் முனையில்தான் இருக்கும், எந்த முனை என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பிளாட்பாரத்தில் போய் நில்லுங்கள். தூக்கித்தான் ஏற்ற வேண்டும் என்றால் நீங்கள் முதலில் இறங்கி, பேட்டரியைக் கழற்றி, அப்புறம் சேரின் ஃபிரேமைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். கைப்பிடியைப் பிடித்தால் அது கழன்று கையோடு வரும்.

கடைத்தெருவில் யாராவது கேட்காமலே பின்னால் வந்து தள்ளுவார்கள், பாசத்தில்தான். மோட்டார் பூட்டியிருக்கும்போது தள்ளினால் சேர் பக்கவாட்டில் திரும்பி ஆட்டோவுக்கு முன்னால் போய் நிற்கும். நான் சத்தமாகச் சொல்லிவிடுவேன்: "அண்ணாச்சி, தள்ளாதீங்க. முன்னால நடந்து போய் வழி மட்டும் விலக்கிக் குடுங்க, நான் வந்துருவேன்."