பதினைந்து வயது உளவாளிக்கு இரவுச் சாப்பாடு யார் கொடுப்பது?

சனிக்கிழமைகளில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபத்தில் குறும்பட வகுப்பு நடத்துகிறேன். வகுப்பு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு கமெரா, கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். வயிற்றுப்பாட்டுக்குக் கலியாண வீடியோ எடுப்பவன் நான். இந்த முறை ஏழு கதைகள் வந்தன. அதில் மூன்று, பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று உளவாளியாகும் கதை. மூன்றின் முதல் பக்கத்திலும் 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று எழுதியிருந்தது. வாசித்து முடித்தபோது எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. 2011இல் நான் செய்த பிழைகளை, என்னிடம் கேட்டு எழுதியதுபோல, ஒன்று விடாமல் செய்திருந்தார்கள்.

ஒலி சரியில்லை, கமெரா ஆடுகிறது, முகத்தில் வெளிச்சம் இல்லை என்பதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன். அவை இரண்டாவது படத்தில் தானாகத் திருந்திவிடும். கதையில் விழும் ஓட்டைகள் அப்படித் திருந்துவதில்லை.

துப்பாக்கி

வேண்டாம், பொம்மைத் துப்பாக்கிகூட. ஒருமுறை ஓர் ஒழுங்கையில் கறுப்புப் பிளாஸ்டிக் துப்பாக்கியோடு இரண்டு பொடியன்களை ஓடவிட்டேன். மூன்றாவது டேக் முடிவதற்குள் எதிர்வீட்டு ஐயா பொலிசுக்கு ஃபோன் எடுத்துவிட்டார். அவர்மேல் பிழையே இல்லை.

அம்மா அப்பாவைக் கனடாவுக்கு அனுப்புவது

மூன்று கதையிலும் முதல் காட்சி கட்டுநாயக்க விமான நிலையம். அம்மாவும் அப்பாவும் கனடாவுக்குப் போகிறார்கள். ஒன்றில் சித்தியின் கலியாணம், இன்னொன்றில் மாமாவின் அறுபதாம் கலியாணம், மற்றதில் காரணமே இல்லை, சும்மா போகிறார்கள். பிள்ளை தொடர்மாடி வீட்டில் தனியாக நிற்கிறான். அடுத்த காட்சியில் கறுப்பு வான் வந்துவிடுகிறது.

ஏன் இப்படி எழுதத் தோன்றுகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா வீட்டில் இருந்தால் கதை நகராது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு பிள்ளை துறைமுகப் பக்கம் எப்படிப் போவான்? கதவில் இரண்டு பூட்டு. ஆறரைக்கு டியூசன் முடிந்தால் ஏழுக்குள் ஃபோன் வரும்: "எங்க நிக்கிறாய்?" இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று எழுதுபவர் பெற்றோருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அந்தத் தொல்லைதான் கதை என்று எனக்குப் புரிய 22 நிமிடப் படம் ஒன்றும் ஒரு வருடச் சேமிப்பும் தேவைப்பட்டன.

2011இல் நான் எடுத்த அந்தப் படத்தின் கதாநாயகனுக்கும் பதினைந்து வயது. பம்பலப்பிட்டியில் வீடு, பெற்றோர் டொரொன்டோவில். இரண்டு நாளைக்கு வான் வாடகைக்கு எடுத்து, மொட்டைமாடியில் கயிறு கட்டி, விடியற்காலை நாலு மணிக்கு மரைன் டிரைவில் ஆட்களை ஓடவிட்டுப் படம் எடுத்தோம். எடிட்டிங்குக்கு மட்டும் ஆறு வாரம். கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம் பிடித்துக் காட்டினோம். குடும்பம் குடும்பமாக நூற்றைம்பது பேர் வந்திருப்பார்கள். எட்டாவது நிமிடம். பையன் பல்கனியில் இருந்து கயிற்றில் இறங்குகிறான், இசை ஏறுகிறது. முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி:

"அந்தப் பிள்ளை ராவைக்கு என்ன சாப்பிட்டவன்?"

மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு படம் என் கையில் இல்லை. வில்லனின் கிடங்கு வந்தது, வெடிப்பு வந்தது, ஒரு மாதம் உட்கார்ந்து செய்த கிராஃபிக்ஸ் வந்தது. எல்லோரும் இன்னும் அந்தப் பிள்ளையின் சாப்பாட்டிலேயே நின்றார்கள். முடிந்து தேநீர் குடிக்கும்போது ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்: "தம்பி, ஓ/எல் சோதனை எடுக்கப்போற பிள்ளையத் தனிய விட்டிட்டு எந்தத் தாய் போவா?" வில்லனின் திட்டம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, அம்மாவைக் கொண்டுவருவோம் என்று முடிவெடுத்தேன். என் பெரியம்மாவை நடிக்கக் கேட்டேன். அவர் நன்றாகவே நடித்தார். ஆனால் காசு சேர்த்து மறுபடி கமெராவைத் தூக்குவதற்குள் ஒன்பது மாதம் போய்விட்டது. பையனுக்கு மீசை அரும்பிவிட்டது, குரல் உடைந்துவிட்டது, பெரியம்மாவின் தோளளவு நின்றிருக்க வேண்டியவன் அவரைவிட ஒரு சாண் உயரமாக நின்றான். கதவைத் தட்டும்போது பிள்ளை, உள்ளே வரும்போது இளந்தாரி. எதுவும் ஒட்டவில்லை. அந்தப் படம் இன்றைக்கும் ஒரு ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளை வைத்து எடுப்பவர்கள் ஒரே பள்ளி விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள். ஆகஸ்டில் பாதி, டிசம்பரில் மீதி என்று நினைத்தால் உங்களுக்கு இரண்டு நடிகர்கள் தேவைப்படும்.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், விடை என் கண்முன்னாலேயே இருந்தது. 2001இல் வந்த 'ஸ்பை கிட்ஸ்' படத்தை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதில் பார்த்ததெல்லாம் கருவிகளும் வண்ணமும்தான். கதை என்ன? எதிரெதிர்ப் பக்கத்தில் வேலை செய்த இரண்டு உளவாளிகள் கலியாணம் முடித்து, பிள்ளைகளுக்காக வேலையை விட்டவர்கள். அவர்கள் பிடிபட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் கார்மெனும் ஜூனியும் புறப்படுவது சொந்த அப்பா அம்மாவைத் தேடி. சண்டை பிடிக்கும் அக்காவும் தம்பியும் வழியெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டே போகிறார்கள். இயக்குநர் ராபர்ட் ரொட்ரிகஸ் வீட்டைக் கதைக்கு வெளியே தள்ளவே இல்லை. ஏறத்தாழ மூன்றரைக் கோடி டொலரில் எடுத்த படம் அதைப்போல நாலு மடங்கு வசூலித்தது.

2003இல் வந்த 'ஏஜென்ட் கோடி பேங்க்ஸ்' அவ்வளவு நல்ல படம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். சி.ஐ.ஏ.வுக்கு உளவு பார்க்கும் பையன் வெளியே போக நேரம் வேண்டும் என்பதற்காக அவனுடைய வீட்டு வேலையையும் பள்ளிப் பாடத்தையும் சி.ஐ.ஏ. ஆட்கள் உட்கார்ந்து செய்கிறார்கள். பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளும் சிரிப்பார்கள், பெற்றோரும் சிரிப்பார்கள், இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்கு.

இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை எழும்பினாள். "சேர், அலெக்ஸ் ரைடருக்கு அப்பா அம்மா இல்லையே?" நல்ல கேள்வி. அன்டனி ஹொரோவிட்ஸின் உளவு நாவல்களில் வரும் அந்தப் பதினாலு வயதுப் பையன் அனாதைதான். வளர்த்த மாமா கார் விபத்தில் செத்துப்போனார் என்று ஆட்கள் வந்து சொல்வதில்தான் கதை தொடங்குகிறது. பையன் அந்தக் காரைத் தேடிப் போகிறான், அதில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகளைப் பார்க்கிறான். இத்தனை வருடம் வங்கியில் வேலை என்று மாமா சொன்னது பொய். அவன் உளவாளியாவதே அந்தச் சாவிலும் அந்தப் பொய்யிலும் இருந்துதான். அங்கே வீட்டில் ஆள் இல்லாதது ஒரு காயம். நாம் எழுதுவதில் அது வெறும் லீவு.

அம்மாவை வீட்டில் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். பையன் எதிரியிடமிருந்து எடுத்த பென்டிரைவை வெள்ளைச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறான். களைத்துப்போய்ப் படுத்துவிடுகிறான். விடிய ஐந்து மணி. அம்மா சட்டையை எடுக்கிறார். வொஷிங் மெஷினின் மூடி திறக்கிறது. ஒரு வெடிப்பும் இல்லை, கயிறும் இல்லை. சின்னப் பிள்ளைகள் பென்டிரைவுக்காகப் பதறுவார்கள், சட்டைப் பையில் பேனையோடு தோய்த்து மை பிடித்த சீருடைகளை நினைத்து அம்மாமார் பதறுவார்கள். குடும்பப் படம் என்றால் எனக்குத் தெரிந்தவரை இதுதான். அம்மா பையைத் தடவிப் பார்த்து, அதை வெளியே எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்துவிட்டுப் போனால்? அடுத்த இருபது நிமிடம் உங்களுக்கு இலவசம்.

பையனை வேலைக்கு எடுப்பது யார்?

ஹொலிவூட் பையனை சி.ஐ.ஏ. எடுக்கும், லண்டன் பையனை எம்.ஐ.6 எடுக்கும், பார்ப்பவர் அதைப்பற்றி யோசிப்பதில்லை. இங்கே ஒரு தமிழ்ப் பொடியனை 'அரச புலனாய்வு' வந்து வேலைக்கு எடுக்கிறது என்று ஒரு கதையில் இருந்தது. எழுதியவனுக்குப் பதினாறு வயது. அவனுக்கு அது ஒரு ஸ்டைலான சொல். அவனுடைய அப்பம்மாவுக்கு அப்படியில்லை. யுத்த காலத்தில் வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்பிய தலைமுறை அது. 'சி.ஐ.டி' என்ற சொல்லைக் கேட்டாலே குரலைத் தாழ்த்தியவர்கள். அடுத்தவரை வேவு பார்த்து மேலே சொல்லும் ஆளுக்கு அவர்களிடம் வேறு பெயர் இருக்கிறது. அது கதாநாயகனுக்கு வைக்கும் பெயர் இல்லை. மண்டபம் அமைதியாகிவிடும், நீங்கள் எதிர்பார்த்த அமைதி அதுவாக இருக்காது.

அதை எடுத்துக்கொண்டு ஒரு கனமான படம் செய்யலாம், தாராளமாக. எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லும் படத்தில் அதைக் கவனிக்காமல் வைக்கக் கூடாது. எளிய வழி, எந்த நிறுவனமும் இல்லாமல் செய்வது. செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் மாமா ஒருவர், ஒரு நாள் கடையைத் திறக்கவில்லை. மருமகள் தேடிப் போகிறாள். போதும். கொச்சிக்கடையில் இருந்து புறக்கோட்டை வரைக்கும் நடந்தாலே மூன்று சாகசத்துக்கு இடம் இருக்கிறது.

ட்ரோன்

அனுமதி இல்லாமல் பறக்கவிடாதீர்கள். துறைமுகத்தின் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

கருவிகள்

கதாநாயகன் மாட்டிக்கொண்டபின் பையில் இருந்து புதிதாக ஒன்றை எடுத்தால் அது ஏமாற்று. முதல் பத்து நிமிடத்துக்குள் காட்டிவிடுங்கள், அதுவும் சாதாரணப் பொருளாக. அலெக்ஸ் ரைடருக்குத் துப்பாக்கி கொடுக்கமாட்டார்கள். யோ-யோ கொடுப்பார்கள், உலோகத்தை அரிக்கும் பருக் களிம்பு கொடுப்பார்கள், கையில் வைத்து விளையாடும் 'கேம் போய்' கருவி ஒன்று கொடுப்பார்கள். அந்த வயதுப் பிள்ளையின் பையில் எது கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்களோ, அது. நம் பிள்ளையின் பையில் என்ன இருக்கும்? கொம்பாஸ் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், குடை, சாப்பாட்டுப் பெட்டியில் நேற்றைய பாண் துண்டு. பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் கொண்டுபோக முடியாது என்பது உங்களுக்கு வரம். ஃபோன் இருந்தால் பாதிச் சிக்கல் ஒரு வாட்ஸ்அப்பில் தீர்ந்துவிடும்.

மடையர்கள்

பெரியவர்கள் எல்லோரும் மடையர்களாக இருந்தால் அவர்களை வெல்வதில் என்ன இருக்கிறது?

பேச்சு

கொழும்புப் பொடியன் சென்னைப் படத்தில் வருபவன்போலக் கதைக்கிறான். மூன்று கதையிலும் இதே கூத்து. "பிடித்துப் போட்டுத் தள்ளிடு மச்சி" என்று வெள்ளவத்தைச் சந்தையடியில் யார் கதைக்கிறார்கள்? நம் பிள்ளைகள் உண்மையில் செய்வதைக் கவனியுங்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் கண்டக்டரோடு சிங்களம், இறங்கியதும் ஃபோனில் அம்மாவோடு தமிழ், டியூசன் வாசலில் பாதி ஆங்கிலம். ஒருவரும் கற்றுக்கொடுக்காமல் அரை மணி நேரத்தில் மூன்று ஆளாக மாறுகிற பிள்ளை. வேஷம் போடுவதற்கு வேறு பயிற்சி முகாம் எதற்கு? எங்கே எந்த மொழியைத் தவறாக எடுத்தால் மாட்டிக்கொள்வான் என்பதை வைத்தே ஒரு காட்சி எழுதலாம். என் வகுப்பில் ஒருத்தி எழுதிவிட்டாள், எனக்கு வராதது.

தொடரும்

முதல் கதையே நிற்குமா என்று தெரியாமல் இரண்டாம் பாகத்துக்குக் கதவு திறந்து வைக்காதீர்கள். அலெக்ஸ் ரைடரின் முதல் நாவலை 'ஸ்டோர்ம்பிரேக்கர்' என்று 2006இல் படமாக்கியபோது ஆறு நாவல்கள் கையில் இருந்தன. ஹொரோவிட்ஸே திரைக்கதை எழுதினார். படம் போட்ட காசை எடுக்கவில்லை, திரையரங்கில் அடுத்த பாகம் வரவே இல்லை. 2020இல் தொலைக்காட்சித் தொடராக, வேறு நடிகரை வைத்துத்தான் பையன் திரும்பி வந்தான்.

ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் என் 22 நிமிடப் படத்தின் கடைசியிலும் பெரிய எழுத்தில் 'தொடரும்' என்று இருக்கிறது.