அல்கொன்குவின் ஏரிகளில் நான்கு நாள்: முதலில் மூட்டையை நிறுத்துப் பாருங்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள அல்கொன்குவின் பூங்காவுக்கு வள்ளப் பயணம் போக விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "துடுப்புப் போடத் தெரிந்திருக்க வேண்டுமா?" என்பதுதான். அதை அரை நாளில் பழகிவிடலாம். நான் அவர்களிடம் கேட்பது, மூட்டை எத்தனை கிலோ என்று.

1893இல் உருவான அந்தப் பூங்கா 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. உள்ளே 2,000க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. ஆனால் பல ஏரிகளுக்கு நடுவே பாறையும் காடும் கிடக்கின்றன. ஓர் ஏரி முடிந்ததும் வள்ளத்தைக் கரையேற்றி, தலைக்கு மேல் தூக்கி, அடுத்த ஏரி வரை சுமந்து நடக்க வேண்டும். அந்தப் பாதைக்கு இங்கே போர்ட்டேஜ் என்று பெயர். வரைபடத்தில் ஒவ்வொரு போர்ட்டேஜுக்கும் அதன் நீளம் மீட்டரில் எழுதியிருக்கும். கரையில் மஞ்சள் பலகை இருக்கும். பயணத்தைத் திட்டமிடும்போது ஏரியின் நீளத்தைவிட அந்த மீட்டர் கணக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

முதல் முறை அக்காவின் மகனோடு போனபோது எனக்கு இது தெரியாது. ஐஸ் பெட்டி, மடிக்கிற நாற்காலி இரண்டு, கனமான சட்டி என்று வீட்டையே கட்டிக்கொண்டு போனோம். பேர்ன்ட் ஐலண்ட் ஏரிக்கும் லிட்டில் ஒட்டர்ஸ்லைட் ஏரிக்கும் நடுவே 790 மீட்டர் போர்ட்டேஜ். எல்லாவற்றையும் கொண்டுசேர்க்க மூன்று நடை தேவைப்பட்டது. மூன்று நடை சுமை என்றால் இடையில் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பி வர வேண்டும். ஆக ஐந்து தடவை 790 மீட்டர், கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். பாதி வழியில் பையன் ஒரு மரவேரில் உட்கார்ந்து, "மாமா, இந்த நாற்காலி நமக்கு எதற்கு?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. கூடாரம் அடிக்கும்போது இருட்டிவிட்டது.

இப்போது இருவருக்கு மூன்று சுமைதான்: வள்ளம், ஒரு முதுகுப்பை, ஒரு சாப்பாட்டுப் பீப்பாய். கெவ்லர் என்ற எடை குறைந்த செயற்கை இழையால் செய்த வள்ளம் ஏறத்தாழ 20 கிலோ. வாடகைக்கு எடுக்கும்போது கொஞ்சம் கூடுதலாகப் பணம் கொடுத்தாவது அதையே எடுங்கள். முதுகுப்பை 18 கிலோவைத் தாண்டினால் வீட்டு வாசலிலேயே பிரித்து எதையாவது வெளியே வையுங்கள். மாற்றுடை ஒரு செட் போதும். ஆனால் காலுறை மூன்று சோடி வேண்டும், அதில் ஒன்று இரவில் கூடாரத்துக்குள் மட்டும் போடுவதற்கு. தூங்கும் பையையும் அந்தக் காலுறையையும் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்தால், வள்ளம் கவிழ்ந்தாலும் இரவைக் கழித்துவிடலாம்.

பூங்காவின் உட்பகுதிக்குத் தகர டப்பாவும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகத் தடை. ஊறுகாயைச் சிறிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். நம்முடைய சமையலே இந்தப் பயணத்துக்கு ஏற்றது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வறுத்த அரிசிமா, உலர் தேங்காய்ப்பூ, வறுத்த பயறு, பருப்பு, அரிசி, இடித்த மிளகாய்த்தூள் எல்லாமே உலர்ந்தவை, கெட்டுப்போகாதவை, எடை குறைந்தவை. ஒவ்வொரு வேளைக்கும் தனிப் பையில் அளந்து கட்டி, அது எந்த நாளுக்கு என்று மேலே எழுதுங்கள். பருப்பை முதல் நாள் வீட்டிலேயே அவித்து உலர்த்திவிட்டால் எரிவாயு பாதி மிஞ்சும். கருவாடு மட்டும் வேண்டாம். அந்த மணத்தைக் கரடியிடமிருந்து மறைக்க முடியாது.

கரடி என்றால் இங்கே கறுப்புக் கரடி. இருட்டுவதற்கு முன்பே சாப்பாட்டைத் தொங்கவிட மரம் பாருங்கள். பீப்பாய் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்திலும், அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளியும் தொங்க வேண்டும். பற்பசையும் சவர்க்காரமும் அதற்குள்தான் போக வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்கூட இருக்கக்கூடாது.

முதல் பயணத்துக்கு நான் சொல்லும் வழி: ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் காரில் போனால் நெடுஞ்சாலை 60இல் கனூ ஏரி வரும். அங்கிருந்து 295 மீட்டர் போர்ட்டேஜைக் கடந்து ஜோ ஏரி, பிறகு சின்ன ஏரிகள் வழியாக பேர்ன்ட் ஐலண்ட் ஏரி. முதல் இரவு அங்கே. இரண்டாம் நாள் அந்த 790 மீட்டரைக் கடந்து ஒட்டர்ஸ்லைட். மூன்றாம் நாள் திரும்பி பேர்ன்ட் ஐலண்ட். நான்காம் நாள் கார். ஐந்து மாதம் முன்பே முன்பதிவு செய்யலாம். ஆனால் பதிவு ஏரிக்குத்தான், அதிலுள்ள குறிப்பிட்ட முகாமுக்கு அல்ல. செம்மஞ்சள் பலகை உள்ள எந்த இடம் காலியாக இருக்கிறதோ அது உங்களுடையது. அதனால் மதியத்துக்குள் போய்ச் சேருங்கள்.

மே நடுவிலிருந்து ஜூன் முழுவதும் கறுப்பு ஈக்கள் கடிக்கும், அதோடு கொசுவும் சேர்ந்துகொள்ளும். நான் செப்டம்பர் முதல் பாதியில் போகிறேன். பூச்சி அடங்கியிருக்கும், இரவு குளிரும், லூன் பறவையின் நீண்ட குரல் ஏரி முழுவதும் கேட்கும்.

துடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவர்தான் திசையைப் பிடிக்கிறார். இழுத்து முடிக்கும்போது மேல்கையின் பெருவிரல் கீழ்நோக்கித் திரும்பும்படி துடுப்பைப் புரட்டி, தண்ணீரை வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். வள்ளம் நேராகப் போகும். காலை ஏழு மணிக்குள் புறப்படுங்கள். பெரும்பாலும் மதியத்தில்தான் காற்று எழும். அலை வந்தால் கரையோரமாகப் போங்கள், முழங்காலில் உட்காருங்கள். இடி கேட்டால் உடனே கரை. உயிர்காப்பு அங்கியைத் தண்ணீரில் இருக்கும்வரை கழற்றாதீர்கள். சட்டப்படி அது வள்ளத்தில் இருந்தால் போதும், ஆனால் குளிர்ந்த நீரில் விழுந்த பிறகு அதை யாராலும் மாட்டிக்கொள்ள முடியாது. விசிலும், தண்ணீர் இறைக்கும் பாத்திரமும், 15 மீட்டர் மிதக்கும் கயிறும் கட்டாயம். டாம் தாம்சன் என்ற ஓவியர் 1917 ஜூலையில் இதே கனூ ஏரியில் இறந்தார். இந்த ஏரிகளை நன்கு அறிந்து, வள்ளம் வலிப்பதில் கைதேர்ந்தவர் அவர்.

வள்ளத்தைத் தூக்குவதற்கு ஒரு எளிய முறை உண்டு. ஒருவர் முன்முனையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கட்டும், பின்முனை தரையில் இருக்கட்டும். மற்றவர் கவிழ்ந்த வள்ளத்தின் அடியில் புகுந்து, நடுவில் உள்ள நுகத்தைத் தோளில் ஏற்றட்டும். ஆம், மாட்டுக்குப் பூட்டுவது போன்ற வளைந்த கட்டைதான். முன்முனையைச் சற்று உயர்த்தி வையுங்கள், பாதை தெரியும். முதல் நூறு அடி தோள் எரியும். பிறகு எடை சமமாகி, உங்கள் மூச்சும் இலைச் சருகின் ஓசையும் மட்டும் அந்தக் கூரைக்குள் கேட்கும். எனக்கு அந்தப் பகுதிதான் இப்போது மிகப் பிடித்தது. இறக்கும் இடத்தில் மூட்டையைப் பாதையோரம் தள்ளி வையுங்கள். பின்னால் வருகிறவரும் சுமையோடுதான் வருகிறார்.

போன செப்டம்பரில் நான்காம் நாள் காலை, மீண்டும் அந்தக் கடைசி 295 மீட்டர். சாப்பாடு தீர்ந்து பீப்பாய் வெறுமையாக இருந்தது. அக்காவின் மகன் அதை மார்பில் கட்டிக்கொண்டு, முதுகில் பையை ஏற்றி, துடுப்புகளைக் கையில் எடுத்தான். நான் வள்ளத்தைத் தூக்கினேன். ஒரே நடையில் கரை சேர்ந்துவிட்டோம்.