கடன் பில்லுக்கு மட்டும் ஓர் அந்நியச் சாவி: நிபந்தனையைத் தரவுத்தளத்திலேயே அமைக்கும் முறை

கொழும்புப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் அரிசியும் பருப்பும் மிளகாயும் மொத்தமாக விற்கும் கடையொன்றுக்குத் தரவுத்தளம் அமைப்பதாகக் கொள்வோம். அங்கே ரொக்க பில்லை எவருக்கும் எழுதலாம். கடன் பில்லைக் கடன் கணக்கு உள்ளவருக்கு மட்டுமே எழுதலாம். ஓர் அட்டவணையில் எழுதப்படும் பெறுமானம் இன்னோர் அட்டவணையில் உண்டா என்று சோதிக்கும் கட்டுப்பாடே அந்நியச் சாவி (foreign key). சாதாரண அந்நியச் சாவி, வாடிக்கையாளர் இருக்கிறாரா என்று மட்டுமே பார்க்கும். அவர் எந்த வகையினர் என்று பார்க்காது. விதியை மென்பொருளில் மட்டும் எழுதிவைத்தால், எக்செல் கோப்பிலிருந்து நேரடியாக ஏற்றப்படும் தரவு அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

முதலில், வாடிக்கையாளர் அட்டவணையில் இலக்கத்தையும் வகையையும் (கடன் கணக்கு உள்ளவருக்கு 'கடன்') சேர்த்து, ஒரே இணை இருமுறை வராதபடி தடுக்கும் யுனிக் கட்டுப்பாடு ஒன்றை இடுங்கள். இலக்கமே ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாக இருக்கையில் இது மிகையாகத் தோன்றும். ஆயினும் இரண்டு நிரல்களையும் (column) சேர்த்துச் சுட்டும் சாவிக்கு அது அவசியம்.

அடுத்து, பில் அட்டவணையில் தானாகக் கணிக்கப்படும் நிரலொன்றைச் சேர்க்க வேண்டும். கொடுப்பனவு முறை கடனாயின் அதில் 'கடன்' என்றும், இல்லையாயின் நல் (null, பெறுமானம் இல்லை) என்றும் வரவேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இவ்வசதி 2019இல் வெளிவந்த 12ஆம் பதிப்பு முதல் உண்டு. பெறுமானம் சேமிக்கப்படும் வகையையே தெரிவுசெய்யுங்கள்; வாசிக்கும்போது மட்டும் கணிக்கப்படும் நிரலில் போஸ்ட்கிரெஸோ, மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளோ அந்நியச் சாவியை ஏற்காது. பின்னர் வாடிக்கையாளர் இலக்கமும் இந்நிரலும் சேர்ந்து, மேற்சொன்ன இணையைச் சுட்டட்டும்.

சாவியின் நிரல்களுள் ஒன்றேனும் நல் ஆக இருந்தால் தரவுத்தளம் அந்தச் சாவியைச் சரிபார்ப்பதே இல்லை என்பதே இம்முறையின் உயிர்நாடி. ரொக்க பில் தடையின்றிப் போவதும், கடன் பில் பிடிபடுவதும் இதனால்தான். ஆகவே போஸ்ட்கிரெஸில், சாவியின் நிரல்கள் அனைத்தும் நல் ஆகவோ அனைத்தும் நிரம்பியோ இருக்கக் கோரும் 'மேட்ச் ஃபுல்' என்பதைச் சேர்க்காதீர்கள்; சேர்த்தால் வாடிக்கையாளர் இலக்கமுள்ள ரொக்க பில்கள் அனைத்தும் மறுக்கப்படும்.

அதே விதி ஓட்டைகளையும் திறக்கிறது. வாடிக்கையாளர் இலக்கம் நல் ஆக உள்ள கடன் பில்லும் சோதனையின்றி நுழையும். எனவே கடனாயின் இலக்கம் கட்டாயம் என்று, பில்லின் பெறுமானங்களை நிபந்தனையோடு ஒப்பிடும் செக் கட்டுப்பாடு ஒன்று வேண்டும். செக் நிபந்தனையின் விடை நல் ஆனாலும் அது நிறைவேறியதாகவே கொள்ளப்படுவதால், கொடுப்பனவு முறை நிரலை 'நாட் நல்' (வெறுமையாக விடமுடியாதது) ஆக்குங்கள். மைஎஸ்கியூஎல் 8.0.16க்கு முந்தைய பதிப்புகள் செக்கை வாசித்துவிட்டுப் புறக்கணிக்கும் என்பதையும் கவனியுங்கள். ரொக்க பில்களுக்காக, இலக்கத்தை மட்டும் சுட்டும் சாதாரண அந்நியச் சாவியையும் வைத்திருங்கள்.

ஒருவரின் கடன் வசதியைப் பின்னர் நிறுத்த விரும்பி அவர் வகையை மாற்றினால், பழைய கடன் பில்களைக் காரணமாக்கித் தரவுத்தளம் அதை மறுக்கும். எனவே மாறாத தன்மையையே வகையாக வையுங்கள். இடைநிறுத்தத்தைத் தனி நிரலில் குறித்து, பில் எழுதப்படும் கணத்தில் தானாக இயங்கும் டிரிகர் மூலம் சோதியுங்கள். அந்த டிரிகர் வாடிக்கையாளரின் நிரையை (row) பிறர் மாற்ற முடியாதபடி பூட்டிய பின்பே வாசிக்க வேண்டும். பூட்டாவிடில், ஒருவர் கணக்கை இடைநிறுத்தும் அதே வேளையில் இன்னொருவர் கடன் பில் எழுத, இரண்டு பரிவர்த்தனைகளும் வெற்றியாக முடிந்துவிடக் கூடும்.